ஆம்ப்பைத் தூக்க வேண்டியது யார்

டின்னு செத்துப்போன செய்தி அவளுக்குப் போனில், பழைய காலேஜ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. செய்தியை விட, அதற்குக் கீழே வந்து குவிந்தவைதான் அவளுக்குக் குமட்டலைக் கொடுத்தன. கூப்பிய கைகள், உடைந்த இதயங்கள், அழுகிற மஞ்சள் முகங்கள். 'லெஜண்ட்' என்று ஒருவன். 'நீ போகல மச்சான், எங்க நாடித்துடிப்பா இருக்கே' என்று இன்னொருவன். முப்பது வருடமாக டின்னு எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்று கூடக் கேட்காத கூட்டம் இது. உயிரோடு இருந்தவரைக்கும் அந்தக் குழுவில் அவனைச் சேர்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. செத்ததும் அவன் போட்டோவையே குழுவுக்கு முகப்பாக வைத்துவிட்டார்கள்.

"என்ன, முகம் சுண்டிப் போச்சு?" என்று கேட்டார் வீட்டுக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். நாள் முழுக்க அறுபது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் குண்டூசி விழுகிற சத்தம் கூட ஆகாது அவருக்கு.

"காலேஜ்ல டிரம்ஸ் வாசிச்சவன் செத்துட்டான்."

"அந்த லிஃப்ட் மெக்கானிக்கா? பாவம். நல்லவன்னு சொல்லுவியே."

நல்லவன் என்று அவள் எப்போது சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை. சொல்லியிருப்பாள். அதைச் சொல்ல என்ன செலவு.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், காது மூக்கு தொண்டைப் பிரிவின் கோடியில் ஒரு பெட்டி அறை இருக்கிறது. ஓர் ஆள் உட்காரலாம். இரட்டைக் கதவு, சுவர் முழுக்கச் சாம்பல் நிற மெத்தை, முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தவர் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, வெளியே மெஷின் முன்னால் உட்காருவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக இதே வேலை. வருகிற எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல. கேக்கலேன்னா அமுக்காதீங்க. குத்துமதிப்பா அமுக்கற வேலையே வேணாம்." பட்டனை அமுக்கினால் மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான்.

மருத்துவமனைக்காரர்கள் அவளை மேடம் என்பார்கள். அவளை 'ஒயர்' என்று கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் நாலைந்து பேர்தான். கல்லூரியில் அவள் ஒல்லியாக இருந்தாள், தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் தொங்கும். பேர் வைக்க அது போதாதா?

அந்தக் கல்லூரியில் அப்போது ராக் பைத்தியம் பிடித்திருந்தது. துறைக்கு ஒரு பேண்டு. எல்லோரும் கறுப்புச் சட்டை. பாட்டெல்லாம் சாவு, ரத்தம், நரகம். பாடுகிறவன் மத்தியானம் அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்து பாதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து நரகத்தைப் பற்றிப் பாடுவான். அவள் கூட இருந்த பேண்டில் மூன்று பேர். கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் சடை. முதுகு வரைக்கும் முடி வளர்த்திருந்ததால் அந்தப் பேர். பேஸ் கிடார் வாசிக்கிறவன் ஒருவன். இரண்டு பக்கமும் தலையாட்டுவதே அவனுடைய கொள்கை. டிரம்ஸ் டின்னு. சொந்தமாக டிரம்ஸ் வாங்க வழியில்லாமல் காலி எண்ணெய் டின்களில் தட்டிப் பழகியவன்.

கேன்டீனுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில்தான் ஒத்திகை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள், சத்தம் வெளியே போகாது என்று யாரோ சொன்னதால். சத்தம் தாராளமாக வெளியே போனது. வியர்வை நாற்றம்தான் உள்ளேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் பழைய அட்டையைத் தொட்டால் அந்த நாற்றம் அவள் மூக்கில் ஏறும்.

அவள் வேலை மிக்சர். மேடையிலிருந்து வருகிற ஒயரெல்லாம் அவள் முன்னால் இருக்கிற பலகையில் வந்து சேரும். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது அவள் விரலில் இருந்தது. மேடையில் நிற்கிறவனுக்குத் தன் சத்தம்தான் கேட்கும். மூன்று பேரும் சேர்ந்து எப்படி இருக்கிறது என்று முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். இதிலிருந்து அந்த பேண்டில் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒயர்களைச் சுருட்டுவதற்கு முன்னால் மூவரும் அவள் பக்கம் திரும்பி, "ஒயர், யாரு?" என்று கேட்பார்கள். அன்றைக்குச் சொதப்பினது யார் என்று அவள் ஒரே ஒரு பேர் சொல்ல வேண்டும். மறுபேச்சு கிடையாது. பேர் வாங்கினவன் பேஸ் ஆம்ப்பைத் தன்னந்தனியாக வண்டி வரைக்கும் தூக்க வேண்டும். ஆம்ப் என்றால் கிடார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி, சின்ன அலமாரி மாதிரி இருக்கும். கனம் ஒரு ஆள் கனம்.

விளையாட்டாகத்தான் இருந்தது. பேஸ்காரன் அதிகம் தூக்கியிருக்கிறான். சடையும் தூக்கியிருக்கிறான், முனகிக்கொண்டே. அவள் சொன்னது ஒருநாளும் தப்பவில்லை. "ஒயர் காது பொய் சொல்லாது" என்பது டின்னுதான் முதலில் சொன்னது. அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்து போனதும் உண்மை.

டின்னுவின் மறைவுக்கு மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் சடை அவளுடைய மருத்துவமனைக்கு வந்தான். சடை என்ற பேருக்கு இப்போது தலையில் ஆதாரமே இல்லை, வழுவழுவென்று மின்னியது. பெரிய கம்பெனி ஒன்றில் ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அவன் பதவி. ஆண்டுக் கூட்டங்களில் கிடாரை மாட்டிக்கொண்டு, 'ஒரு பேண்டு மாதிரி வேலை செய்யுங்கள்' என்று ஊழியர்களுக்குப் புத்தி சொல்வானாம். அதன் வீடியோவை எல்லோருக்கும் அனுப்புவான். அவள் ஒன்றைக்கூடக் கடைசி வரை பார்த்ததில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை காலேஜ் ஹால்ல டின்னுவுக்கு நினைவுக் கூட்டம். தெரியும்ல?" என்றான். "அவன் வொய்ஃபையும் வரச் சொல்லிட்டேன். சும்மா அழுதுட்டுப் போகக் கூடாது, ஒயர். ஜாலியா இருக்கணும். அந்த ஃபைனல்ஸ் கதைய சொல்லப் போறேன்."

"எந்தக் கதை?"

"அதான், கடைசிப் பாட்டுல டின்னு தாளம் ஓடிப் போயி, நம்ம கப்பு போச்சே! நீ தீர்ப்பு சொன்ன, அவன் ஒரு வார்த்த பேசாம ஆம்ப்பைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்கிப் போனானே! செம சீன்ல அது. நான் கதைய சொல்லிட்டு, 'ஒயரே சாட்சி'ன்னு கை காட்டுவேன். நீ எழுந்து ஆமான்னு சொல்லு, போதும்."

அவள் ஹெட்போனைத் துடைக்க ஆரம்பித்தாள். சடைக்கு அது சம்மதமாகப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்த வேலைக்கு வந்தான். வீட்டில் காது கேட்கவில்லை என்று நச்சரிக்கிறார்களாம். "எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்குன்னு ஒரு பேப்பர் குடு. வாய மூடுவாங்க."

பெட்டிக்குள் உட்கார வைத்து, அதே பேச்சைப் பேசி, கதவைச் சாத்தினாள்.

இந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலிகளைச் சம இடைவெளியில் கொடுக்கக் கூடாது. ஒன்று உடனே, அடுத்தது நாலு எண்ணி, அதற்கடுத்தது இரண்டு எண்ணி என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். அன்றைக்கு அவளே அதைக் கோட்டைவிட்டாள். அவனைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற எரிச்சலில் கை தானாக ஒரே சீராகப் போனது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு விசித்திரமாக எரிய ஆரம்பித்தது. அவள் ஒலியைக் கொடுப்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் எரிந்தது. மறுபடியும் முன்னால். மறுபடியும்.

அவள் விரலை எடுத்துவிட்டாள். எதுவுமே அனுப்பவில்லை. விளக்கு எரிந்தது. இன்னொரு முறை எரிந்தது, இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாக. கண்ணாடிக்குள்ளே சடை கண்ணை மூடிக்கொண்டு, ரசித்துத் தலையை ஆட்டிக்கொண்டு, வராத சத்தத்துக்கு வேகம் கூட்டிக் கூட்டிப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் அவனையே உற்றுப் பார்த்தாள். காது கேட்காததற்காக இல்லை. அது யாருக்கும் வரும். இந்த ஓட்டம் அவளுக்குத் தெரியும். அடி விழுவதற்கு முன்னால் போய் நிற்கிற இந்த அவசரத்தை முப்பது வருடத்துக்கு முன்னால் அவள் ஹெட்போனில் கேட்டிருக்கிறாள்.

சோதனையை ஒழுங்காகத் திரும்ப எடுத்து, வலது காது நன்றாகவே குறைந்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினாள். "உன் மெஷின்ல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனான்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்த, கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. கடைசிப் பாட்டு. சடை தாளத்தை விட்டு முன்னால் ஓடினான். டின்னு தாளத்தில் அசையாமல் நின்று அவனை இழுத்துப் பிடித்துப் பார்த்தான், முடியவில்லை, பாட்டு இரண்டாகக் கிழிந்தது. பலகை முன்னால் இருந்த அவளுக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் சடை அவளிடம் ஒரு சேதி சொல்லியிருந்தான். பெரிய ஊரில் ஒரு ஸ்டூடியோவில் ரெக்கார்டிங் பேசி வைத்திருக்கிறானாம், அவளையும் சவுண்டு இன்ஜினியராகக் கூட்டிப் போவானாம். போட்டி முடிந்து, மூவரும் திரும்பி, "ஒயர், யாரு?" என்று கேட்டபோது சடை அவளைப் பார்த்த பார்வையில் அந்த ஸ்டூடியோ முழுக்க இருந்தது.

"டின்னு" என்றாள்.

டின்னு ஒரு கணம் அவளையே பார்த்தான். கோபமில்லை. கணக்கு தப்பாகப் போட்டுவிட்ட பையன் வாத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். அப்புறம் ஒத்திகைக்கு வரவே இல்லை. ஸ்டூடியோவும் வரவில்லை, அப்படி ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். நாலு மாதத்தில் பேண்டு கலைந்தது. ஒரு பொய்க்கு இவ்வளவு மட்டமான கூலி வாங்கினவள் தான் ஒருத்திதான் என்று அவள் பிற்பாடு நினைத்ததுண்டு. அப்புறம் அந்த நினைப்பையும் தேய்த்துத் தேய்த்து, 'யாருக்குத் தெரியும், ரெண்டு பேருமே தாளம் தப்பியிருக்கலாம்' என்று ஆக்கி வைத்திருந்தாள். அப்படி ஆக்கின பிறகு நிம்மதியாகத் தூங்கினாள் என்பதுதான் இதில் அசிங்கம்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய், பொத்தான்களும் செல்லாத சாவிகளும் கிடக்கிற இழுப்பறையைக் கவிழ்த்து அந்த கேசட்டை எடுத்தாள். பலகையிலிருந்து நேரடியாகப் பதிவானது. மருத்துவமனையில் அவள் பிரிவில் பழைய கேசட் டெக் ஒன்று இன்னும் இருந்தது. ஒரு காலத்தில் நோயாளிகளுக்குச் சொற்களைப் போட்டுக் காட்டிச் சோதிப்பதற்காக வாங்கியது. மறுநாள் மதிய இடைவேளையில், தானே பெட்டிக்குள் உட்கார்ந்து, போனில் தாளம் காட்டுகிற டிக் டிக்கைப் பக்கத்தில் ஓடவிட்டு, பாட்டைக் கேட்டாள். டின்னுவின் அடியும் டிக் டிக்கும் கடைசி வரை ஒன்றாகவே போயின. சடையின் குரல் அவற்றுக்கு முன்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் என்று சொல்லிக்கொள்ள இனி இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். கல்லூரியின் பழைய ஹால், மூன்றாவது மாடி. டின்னுவின் போட்டோவைத் திரை நிறையப் போட்டிருந்தார்கள்; பக்கத்தில் நின்ற சடை பாதி வெட்டுப்படாமல் பார்த்துப் பார்த்து வைத்த போட்டோ. மேடையில் கிடார்கள், வாடகைக்கு எடுத்த ஒரு பேஸ் ஆம்ப். தலை நரைத்த ஆசாமிகள் வயிற்றை எக்கிக்கொண்டு கறுப்புச் சட்டைக்குள் நுழைந்திருந்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். செல்ஃபி எடுத்தார்கள். முதல் வரிசை ஓரத்தில் டின்னுவின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை. சேலை முந்தானையில் குத்திய ஊசியைக் கூட எடுக்க மறந்து வந்திருந்தாள். யாரோ கொடுத்த பிஸ்கட் தட்டு மடியில் அப்படியே இருந்தது.

சடை பேசினான். குரலைத் தழுதழுக்க வைக்க அவனுக்குத் தெரியும். பிறகு சிரிக்க வைக்கத் தொடங்கினான். "ஆனா ஒண்ணு, நம்ம டின்னு தங்கமானவன், தாளம் மட்டும் ரயில் வண்டி! ஸ்டேஷன்ல நிக்காது!" ஹால் சிரித்தது. கப்பு போன கதை, தீர்ப்பு, ஆம்ப், மூன்று மாடி. டின்னுவின் மனைவியும் மரியாதைக்கு லேசாகச் சிரித்தாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நம்பலேன்னா ஒயரக் கேளுங்க. அவளே சாட்சி!"

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் எழுந்து மேடைக்குப் போனாள். சடை சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தான்.

"அன்னைக்குத் தாளம் ஓடினது டின்னு இல்ல" என்றாள். "சடை. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் டின்னு பேர சொன்னேன். என்னை ரெக்கார்டிங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு இவன் சொல்லியிருந்தான், அதுக்காக."

கேசட்டிலிருந்து போனில் ஏற்றி வைத்திருந்ததை, டிக் டிக்கோடு சேர்த்து, மைக்கில் பிடித்தாள். ஒரு நிமிடம்தான். வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஹால். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏய் ஒயர், என்ன இது?" சடை சிரிப்பைக் கலைக்காமலே அவள் முழங்கையைப் பிடித்தான். "சும்மா காமெடிக்குச் சொன்னதப் போயி... போனவன் போயிட்டான். இப்ப எதுக்கு இதெல்லாம் கிளறிக்கிட்டு?"

பேஸ்காரன் எழுந்து, "ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றான். முப்பது வருடத்தில் அவன் கொள்கை மாறவில்லை. பின்வரிசையில் யாரோ டீ ஆறுகிறது என்றார்கள். கூட்டம் அவசரமாக, நன்றியோடு, டீயை நோக்கி நகர்ந்தது. அதுதான் அந்தக் கூட்டத்தின் லட்சணம்.

அவள் மைக்கை வைத்துவிட்டு மேடையில் இருந்த ஆம்ப்பை அணைத்துத் தூக்கினாள். தவறு யாருடையதோ அவர் தூக்க வேண்டும், அதுதானே வழக்கம். பேரைச் சொல்லியாகிவிட்டது, தூக்கியும் விடுவோம் என்று நினைத்தாள். படிக்கட்டில் இடுப்பில் விளிம்பு குத்தியது. அந்த வலியில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி கூட வந்தது.

முதல் திருப்பத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அத கீழ வைங்க."

டின்னுவின் மனைவி இரண்டு படி மேலே நின்றிருந்தாள்.

"இல்லங்க, நான்தான் தூக்கணும். எங்க வழக்கம்..."

"வைங்க கீழ. யாருக்குக் காட்டுறீங்க?"

அவள் வைத்தாள். அந்தக் கேசட்டையாவது கொடுத்துவிடலாம் என்று கைப்பையைத் திறந்து நீட்டினாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும். இதுல அவர் வாசிச்சது அவ்வளவு சுத்தமா..."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே" என்றாள் அந்த அம்மாள். குரலில் சூடு எதுவும் இல்லை. நாளைக்குத் தைக்க வேண்டியதைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினாள். "தெனமும் வேலை விட்டு வந்து, தலகாணிய மடியில வெச்சிக்கிட்டு, டிக் டிக்குன்னு அடிக்குமே அந்த மெஷினையும் பக்கத்துல வெச்சிக்கிட்டு தட்டுவாரு. அரை மணி நேரம். நான் தையல் மெஷின்ல உக்காந்துக்கிட்டே கேட்டிருக்கேன். எனக்கு உங்க பாட்டெல்லாம் தெரியாது. ஆனா மெஷினும் அவரும் ஒரு தடவ கூடப் பிரிஞ்சதில்ல. நானே சொல்லுவேன், சரியாத்தானே இருக்கு, ஏன் இப்பிடிப் போட்டு வாட்டிக்கிறீங்கன்னு."

அவள் கேசட்டை நீட்டின கையோடு நின்றாள்.

"அதுக்கு அவரு சொல்லுவாரு, 'இந்த மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கும். எங்க ஒயர் காது பொய் சொல்லாது'ன்னு." அந்த அம்மாள் ஆம்ப்பைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகக் கீழே இறங்கினாள். அடுத்த திருப்பத்தில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "மூணு மெஷின் மாத்தினாரு."